எங்கிருந்தெல்லாம்?

"உங்கள் வேண்டுகோளின்படி உங்கள் தகவல்கள் அனைத்தும் நிரந்தரமாக நீக்கப்பட்டுவிட்டன." இந்த வாக்கியத்தை எழுதியது நான்தான். படங்களைச் சேமித்து வைத்து, கேட்டால் ஆல்பமாக அச்சடித்தும் கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது என் வேலையாக இருந்தது. கணக்கை மூடுகிறவர்களுக்குத் தானாகப் போகும் மின்னஞ்சலுக்கு ஒரு வாசகம் வேண்டும் என்றார்கள். ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தேன். அப்புறம் அது பல நூறு பேருக்குப் போயிருக்கும். சிலர் நன்றி என்று பதில் போடுவார்கள். பெரும்பாலானவர்கள் அதுவும் போட மாட்டார்கள். ஒருநாள் ஒரு பெண்மணியிடமிருந்து பதில் வந்தது. வணக்கம் இல்லை, கையெழுத்து இல்லை, ஒரே ஒரு சொல்: "எங்கிருந்தெல்லாம்?"

முதலில் எரிச்சல்தான் வந்தது. நீக்கிவிட்டோம் என்று சொன்ன பிறகு இது என்ன கேள்வி? வாடிக்கையாளர் சேவையில் இருந்தவர், "எல்லா இடத்திலிருந்தும்னு போட்டு அனுப்பிடட்டுமா?" என்று கேட்டார். சரி என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. ஏனென்றால் அது பொய் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். எவ்வளவு பெரிய பொய் என்பது எனக்கும் தெரியாது.

நீக்கு என்றால் தேதி போடு

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது ரகசியமே இல்லை. நீங்கள் "நீக்கு" என்ற பட்டனை அழுத்தும்போது பல டேட்டாபேஸ்களில் எதுவும் அழிவதில்லை. உங்கள் பெயர் இருக்கும் வரிசையில், "நீக்கிய தேதி" என்ற ஒரு கட்டம் காலியாக இருக்கும். அதில் அன்றைய தேதி விழும். அவ்வளவுதான். அதன் பிறகு மென்பொருள் அந்த வரிசையைப் பார்த்தும் பார்க்காததுபோலத் தாண்டிப் போகும். இதற்கு சாஃப்ட் டெலிட் என்று பெயர். யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்து செய்வதில்லை. கை தவறி அழுத்துகிறவர்கள் உண்டு, மறுநாளே மனம் மாறுகிறவர்கள் உண்டு, ஒரு வரிசையை உருவினால் அதோடு கட்டப்பட்ட பத்து பட்டியல்கள் குலைந்துபோவதும் உண்டு. பயந்த எஞ்சினியர்களின் பழக்கம் இது. நானும் பயந்தவன்தான்.

இப்படி எழுதினால் சின்ன கம்பெனிகளின் சோம்பேறித்தனம் என்று தோன்றும், பெரிய கம்பெனிகளிலும் இதே கதைதான். 2011-ல் மாக்ஸ் ஷ்ரெம்ஸ் என்ற ஆஸ்திரிய சட்ட மாணவர் ஃபேஸ்புக்கிடம், என்னைப் பற்றி நீங்கள் வைத்திருப்பதையெல்லாம் கொடுங்கள் என்று கேட்டார். 1,200-க்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட ஒரு பிடிஎஃப் வந்தது. அவர் எப்போதோ அழித்துவிட்டதாக நினைத்திருந்த செய்திகளும் அதில் இருந்தன. இன்னும் மோசமான கதை ஆஷ்லி மேடிசனுடையது. திருமணமானவர்கள் ரகசியமாகத் துணை தேடுவதற்கான தளம் அது. 19 டாலர் கட்டினால் உங்கள் தடயத்தை முழுசாக அழித்துவிடுவோம் என்று தனியாகக் காசு வாங்கினார்கள். 2015-ல் அந்தத் தளத்தின் தகவல்களை யாரோ திருடி வெளியே கொட்டியபோது, காசு கட்டி அழித்தவர்களின் தகவல்களும் சேர்ந்து வந்தன. அவர்களுக்கும் என்னுடையதைப்போல ஒரு வாக்கியத்தை யாரோ எழுதி அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினோரு இடங்கள்

அந்த அம்மையாருக்குப் பதில் எழுத எனக்கு ஒன்பது நாள் ஆனது. வீம்புக்குத்தான் ஆரம்பித்தேன். அவருடைய மின்னஞ்சல் முகவரியை எடுத்துக்கொண்டு, எங்களிடம் எங்கெல்லாம் அது இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். டேட்டாபேஸில் தேதி போடப்பட்ட வரிசை ஒன்று, படங்கள் இருக்கும் சேமிப்பிடம் ஒன்று, ஏதாவது கெட்டுப்போனால் மீட்க எடுத்து வைக்கும் நகலான பேக்கப் ஒன்று. இந்த மூன்றும் எதிர்பார்த்தவை. பேக்கப்பை ஒரு வருடத்துக்கு வைத்திருந்தோம். ஏன் ஒரு வருடம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எனக்கு முன்னால் இருந்தவர் அப்படி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அதற்கப்புறம் வந்தவைதான் என்னைத் தூங்கவிடாதவை. மின்னஞ்சல் அனுப்பித் தரும் வெளி நிறுவனத்திடம் அவர் எந்த நாளில் எந்த மடலைத் திறந்தார், எந்த இணைப்பைச் சொடுக்கினார் என்று மூன்று வருடக் கணக்கு இருந்தது. தளத்தில் யார் எங்கே சுற்றுகிறார்கள் என்று பார்க்கும் அனலிடிக்ஸ் கருவியில் அவருடைய ஃபோன் மாடல், ஐபி முகவரி, இரவு எத்தனை மணிக்கு வருகிறார் என்பதெல்லாம் இருந்தன. ஒரு பழைய டெஸ்ட் சர்வர் இருந்தது. புது வசதி ஒன்றைச் சோதித்துப் பார்க்க இரண்டு வருடம் முன்பு யாரோ உண்மையான டேட்டாபேஸை அப்படியே நகலெடுத்துப் போட்டு, வேலை முடிந்ததும் மறந்துவிட்டார்கள். அதற்கு வைத்திருந்த பாஸ்வேர்டைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். (நகலெடுத்த அந்த "யாரோ" நானாகவும் இருக்கலாம். யார் எப்போது என்ன செய்தார்கள் என்று பதியும் லாக்கில் அந்த நாள் பதிவுகள் போய்விட்டிருந்தன. எது போகக் கூடாதோ அது மட்டும் சரியாகப் போயிருந்தது.) மார்க்கெட்டிங்கில் ஒருவரின் லேப்டாப்பில் ஒரு எக்ஸெல் ஃபைல். அச்சகத்தில், ஆல்பம் அச்சடித்து முடித்த பிறகும் கோப்புறையில் கிடந்த படங்களும் முகவரியும்.

பதினோராவது இடம்தான் என்னை உட்கார வைத்தது. கணக்கை மூட விரும்புகிறவர் உண்மையிலேயே அந்தக் கணக்கின் சொந்தக்காரர்தானா என்று உறுதி செய்ய, அடையாள அட்டையின் படம் ஒன்றை அனுப்பச் சொல்வோம். அவரும் அனுப்பியிருந்தார். வாடிக்கையாளர் சேவை மென்பொருளில், அவருடைய டிக்கெட்டோடு, அதாவது அவருடைய கோரிக்கைப் பதிவோடு, ஒட்டிக்கொண்டு அது அப்படியே இருந்தது. எங்களிடம் படம் சேமித்த மூன்று வருடமும் அவருடைய அடையாள அட்டை எங்களிடம் இல்லை. தன்னைப் பற்றி எதுவும் வேண்டாம் என்று சொன்ன நாளில்தான் அதை வாங்கி வைத்துக்கொண்டோம்.

அட்டை கேட்பது வேண்டாத வேலை என்றும் சொல்லிவிட முடியாது. ஜேம்ஸ் பேவர் என்ற ஆய்வாளர் 2019-ல் ஒரு சோதனை செய்தார். ஐரோப்பாவின் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, தன்னைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருப்பதைக் கேட்டு வாங்கும் உரிமையை எல்லோரும் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். பேவர் தன் வருங்கால மனைவியின் அனுமதியோடு, அந்தப் பெண்ணின் பெயரில் தானே பல நிறுவனங்களுக்கு விண்ணப்பம் எழுதினார். அந்தப் பெண்ணைப் பற்றிய தகவல் வைத்திருந்த நிறுவனங்களில் ஏறக்குறைய நாலில் ஒன்று, கேட்பது யார் என்று சரியாகப் பார்க்காமலே எடுத்துக் கொடுத்துவிட்டது. எனவே அடையாளம் பார்க்கத்தான் வேண்டும். பார்த்த பிறகு அந்தப் படம் என்னவாகிறது என்பதில்தான் எங்களைப்போன்றவர்கள் கோட்டை விடுகிறோம். 2025 அக்டோபரில் இணைய அரட்டைத் தளமான டிஸ்கார்ட் நிறுவனம், தன் வாடிக்கையாளர் சேவைக்கு உதவிய வெளி நிறுவனத்தின் வழியாகச் சுமார் 70,000 பேரின் அரசு அடையாள அட்டைப் படங்கள் வெளியே போயிருக்கலாம் என்று அறிவித்தது. வயதை நிரூபிப்பதற்காக அவர்கள் அனுப்பிய படங்கள். செய்தியைப் படித்ததும் எங்களுடைய டிக்கெட் மென்பொருள்தான் கண்முன் வந்தது.

இன்னொன்றும் அந்த ஒன்பது நாளில் புரிந்தது. தகவல் திருட்டு நடந்தால் நிறுவனங்கள் முதலில் ஒரு எண்ணிக்கை சொல்லி, பிறகு அதைக் கூட்டிக்கொண்டே போவதைப் பார்த்து, மறைக்கிறார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். யாஹூவில் 2013-ல் நடந்த திருட்டில் 100 கோடி கணக்குகள் போயின என்று 2016-ல் சொன்னார்கள். 2017 அக்டோபரில், இல்லை, 300 கோடி, அதாவது அப்போது இருந்த எல்லாக் கணக்குகளும் என்றார்கள். மறைக்கிறவர்களும் இருப்பார்கள். ஆனால் தன்னிடம் எது எங்கே இருக்கிறது என்று ஒரு நிறுவனத்துக்கே தெரியாமல் இருப்பது எவ்வளவு சுலபம் என்பது, நாற்பது பேர் வேலை பார்த்த எங்கள் அலுவலகத்தில் ஒரே ஒரு மனுஷியைத் தேடியபோதே தெரிந்துவிட்டது.

பதில் எழுதினேன். பதினோரு இடங்களையும் வரிசையாகச் சொல்லி, எதிலிருந்து எப்போது நீக்கினோம் என்று தேதி போட்டு அனுப்பினேன். இரண்டு இடங்களில் மட்டும் உடனே முடியாது என்று ஒப்புக்கொண்டேன். ஆல்பத்துக்கான பில் வரவுசெலவுக் கணக்கில் இருக்கும், சட்டப்படி அதைத் தொட முடியாது. பேக்கப்பில் இருப்பது ஒரு வருடத்தில் தானாகக் கழியும், கழிந்ததும் நானே எழுதித் தெரிவிக்கிறேன் என்றேன். அனுப்புவதற்கு முன் மேலாளர் படித்துவிட்டு, "இவ்வளவு உண்மை எதுக்கு?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார், அனுப்பவும் விட்டார். அந்த அம்மையாரிடமிருந்து பதில் வரவில்லை.

ஏழு வாரம் கழித்து

அன்றிலிருந்து நான் அலுவலகத்தில் ஒரு தொல்லையாக மாறினேன். அழி, அழி என்பதே என் பேச்சு. பேக்கப்பை ஒரு வருடத்திலிருந்து 14 நாளாகக் குறைக்க வேண்டும் என்று நான்கு பக்கத்தில் ஒரு பரிந்துரை எழுதி மேலே அனுப்பினேன். வழக்கம்போல அது யாருடைய மேசையிலோ கிடந்தது.

அது கிடந்த காலத்தில் ஒரு பெரியவரிடமிருந்து மடல் வந்தது. ஃபோனில் இடம் போதவில்லை என்று ஒரு ஆல்பத்தை எங்கள் ஆப்பில் அழித்திருக்கிறார். ஃபோனில் இருக்கும் நகல்தான் அழியும், கம்பெனியிடம் ஒன்று பத்திரமாக இருக்கும் என்பது அவருடைய நினைப்பு. இந்தத் தப்பு நடக்காத நாளே கிடையாது. ஃபோனும் சர்வரும் ஒன்றையொன்று பார்த்து நடக்கும்படி செய்துவைத்திருக்கிறோம், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும் என்பதை யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. அழித்தவை எங்கள் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும். அவர் எழுதியது ஏழு வாரம் கழித்து. அந்த ஆல்பத்தில் இருந்தவை, அவருடைய தாத்தா கையால் எழுதி வைத்திருந்த நோட்டுகளின் பக்கங்கள். பக்கம் பக்கமாகத் தானே ஃபோனில் படமெடுத்திருக்கிறார், 340 படங்கள். நோட்டுகளைக் கரையான் அரித்துவிட்டது. "முடியாது என்றாலும் பரவாயில்லை, முடியாது என்று சொல்லிவிடுங்கள் ஐயா, தினமும் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று எழுதியிருந்தார்.

பேக்கப்பில் இருந்தன. 340 படங்களும் இருந்தன. எதை வெட்டச் சொல்லி நான் நான்கு பக்கம் எழுதியிருந்தேனோ அதே பேக்கப்பில். என் பரிந்துரை ஒரு மாதம் முன்பு கையெழுத்தாகியிருந்தால் அந்தத் தாத்தாவின் எழுத்து உலகத்தில் எங்குமே இருந்திருக்காது. மீட்டு அனுப்பினேன். அவர் எழுதிய பதிலை இன்னும் மறக்க முடியவில்லை. "உங்கள் கம்பெனி எதையும் தொலைக்காது என்று எல்லோரிடமும் சொல்வேன்" என்றார். பாராட்டு. எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஆறு மாதம் முன்பு இன்னொருவர் இதையே குற்றச்சாட்டாகக் கேட்டிருந்தார்.

அன்று சாயங்காலம் வேலை ஓடவில்லை. நிறுவனங்கள் நம் தகவலை வைத்திருப்பது நல்லதா கெட்டதா என்று பேசும்போது, ஏதோ இரண்டு வகை நிறுவனங்கள் இருப்பதுபோலவும், ஒன்று நம்மைக் காப்பாற்றுவதுபோலவும் மற்றது நம்மை விற்பதுபோலவும் பேசுகிறோம். இங்கே ஒரே நிறுவனம், ஒரே பேக்கப், ஏன் வைத்தோம் என்றே தெரியாத ஒரே ஒரு வருடக் கெடு. அதில் ஒருவருக்கு நிம்மதி போனது, ஒருவருக்குத் தாத்தா திரும்பி வந்தார். அவருக்கு நான் எந்த நன்மையும் செய்யவில்லை. எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவரின் அலட்சியம் அவருக்கு அதிர்ஷ்டமாக அமைந்தது.

நம்பி ஒப்படைப்பவர்களுக்கு அதிர்ஷ்டம் எப்போதும் இருப்பதில்லை. மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் சர்வர் மாற்றும்போது, 2003 முதல் 2015 வரை மக்கள் அதில் ஏற்றி வைத்திருந்த இசையைத் தொலைத்துவிட்டது. அது 2019-ல் வெளியே தெரிந்தது. பலரிடம் வேறு நகல் இல்லை. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில், சர்வர்களை வாடகைக்குத் தரும் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று எரிந்து போனது. பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்த சில வாடிக்கையாளர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. ஆக, அழிக்கச் சொன்னால் அழிவதில்லை, வைக்கச் சொன்னால் இருப்பதில்லை. இரண்டுக்கும் ஒரே காரணம்தான் என்று எனக்குத் தோன்றியது. எது யாருக்காக இருக்கிறது என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

வைக்கச் சொன்னதும் வைத்துக்கொண்டதும்

அந்தப் பதினோரு இடப் பட்டியலை மறுபடி எடுத்தேன். இந்த முறை வேறு கேள்வியோடு: இதில் எதையெல்லாம் அந்த அம்மையார் வைக்கச் சொன்னார்? படங்கள் இருந்தது மூன்று இடத்தில். அதில் அச்சகத்தில் கிடந்தது மறதி. ஆக, அவர் கேட்டுக்கொண்டதற்காக இருந்தவை இரண்டு இடங்கள், அவற்றுக்குத் துணையாக அவருடைய கணக்கு, கட்டிய பணத்துக்கு ஒரு பில். மற்ற ஏழும் நாங்களாக வைத்துக்கொண்டவை. எந்த மடலைத் திறந்தார், எந்த நேரத்தில் வந்தார், என்ன ஃபோன் வைத்திருந்தார் என்பதையெல்லாம் யாரும் சேர்க்கச் சொல்லவில்லை. அவற்றால் எந்தப் பெரியவருக்கும் எதுவும் திரும்பக் கிடைக்கப்போவதில்லை. எங்களுக்காவது உபயோகப்பட்டதா என்று பார்த்தேன். அனலிடிக்ஸ் பட்டியல்களைக் கடைசியாகத் திறந்தது யார், எப்போது என்று தேடினால், பாதிக்கு மேல் ஒரு வருடமாக ஒருவரும் திறக்கவில்லை. என்றாவது உதவும் என்று பரணில் ஏற்றிய அட்டைப்பெட்டிகள். பரணில் இருப்பது உடைந்த மின்விசிறி என்றால் பரவாயில்லை. அடுத்தவர் வீட்டுச் சாவி என்றால்?

கூட்டத்தில் இதைச் சொன்னபோது, பெயரையும் மின்னஞ்சலையும் எடுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளலாமே என்றார் ஒருவர். நியாயமாகத்தான் தோன்றும். 2006-ல் அமெரிக்க இணைய நிறுவனமான ஏஓஎல்லுக்கும் தோன்றியது. ஆராய்ச்சியாளர்களுக்கு உதவட்டும் என்று சுமார் 6.5 லட்சம் பேரின் மூன்று மாதத் தேடல்களைப் பெயருக்குப் பதில் எண் போட்டு வெளியிட்டது. சில நாட்களிலேயே நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் ஒரு எண்ணின் தேடல்களை மட்டும் வைத்து, அதற்குச் சொந்தக்காரரான ஒரு பெண்மணியின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள். ஊர்ப் பெயர், உறவினர்களின் பெயர், உடம்பு உபாதை என்று ஒருவர் தேடுவதையெல்லாம் வரிசையாக அடுக்கினால், பெயர் தனியாக எதற்கு?

என் இந்தப் பிரிவினையிலும் ஓட்டை உண்டு, மறைக்க விரும்பவில்லை. பின்லாந்தில் வஸ்தாமோ என்ற மனநலச் சிகிச்சை நிறுவனத்தில், சிகிச்சைக்கு வந்தவர்கள் மனம் திறந்து சொன்னவற்றின் குறிப்புகள் திருடப்பட்டன. திருடியவன், நிறுவனம் பணம் தரவில்லை என்றதும், 2020 அக்டோபரில் நோயாளிகளுக்கே தனித்தனியாக மடல் அனுப்பி 200 யூரோ கேட்டு மிரட்டினான். அங்கே போனது பரணில் கிடந்த குப்பை இல்லை. மருத்துவர் வைத்தே ஆக வேண்டிய குறிப்புகள், நோயாளிக்கு நன்மை தருபவை. குறைவாகச் சேர்ப்பது அங்கே விடை ஆகாது, காவல்தான் விடை. எனினும் என் அனுபவத்தில், நாற்பது அறைகளைக் காவல் காக்கிறவர்களால் முக்கியமான ஒரே அறையைச் சரியாகப் பூட்ட முடிந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் அலுவலகத்தில் கடைசியில் நடந்தது இதுதான். என் நான்கு பக்கப் பரிந்துரையை நானே திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். படங்களின் பேக்கப்பைத் தனியாகவும் மற்றவற்றைத் தனியாகவும் பிரித்தோம். மற்றவை 30 நாளில் போய்விடும். படங்கள் ஒரு வருடம் இருக்கும், பெரியவரைப் போன்றவர்களுக்காக. கணக்கையே மூடுகிறவர்களுக்கு இன்னொரு ஏற்பாடு: ஒவ்வொருவர் படத்தையும் அவருக்கென்று ஒரு சாவி கொண்டு பூட்டி, அதாவது என்கிரிப்ட் செய்து, வைப்போம். அவர் போகும்போது சாவியை அழித்துவிட்டால், எந்தப் பேக்கப்பில் எத்தனை நகல் இருந்தாலும் அவை யாராலும் படிக்க முடியாத வெறும் இரைச்சலாகிவிடும். சாவிகளுக்கு நீண்ட நாள் பேக்கப் கிடையாது. புதிய யோசனை ஒன்றும் இல்லை, துறையில் பலரும் செய்வதுதான். எங்களுக்கு எட்டு மாதம் பிடித்தது. அடையாள அட்டைப் படம், பார்த்து முடித்த அன்றே போய்விடும். அந்த மின்னஞ்சல் வாக்கியத்தையும் மாற்றினேன். இப்போது அது ஒன்றரைப் பக்கம். யாரும் படிப்பதில்லை என்று சொல்கிறார்கள்.

பழைய பேக்கப்களுக்குச் சாவி ஏற்பாடு இல்லை. அவை அவற்றின் கெடுப்படிதான் கழிய வேண்டும். அந்த அம்மையாரின் தகவல் இருந்த கடைசி பேக்கப் கழிந்த நாளன்று காலையில் என் காலண்டர் நினைவூட்டியது. சொன்ன சொல்லைக் காப்பாற்றப் போகிறோம் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மடல் எழுத உட்கார்ந்தேன். அவருடைய முகவரி இல்லை. டேட்டாபேஸில் இல்லை, டிக்கெட்டில் இல்லை, நான் அனுப்பிய பழைய பதிலும் டிக்கெட்டோடு போயிருந்தது. பில்லில் பெயரும் தொகையும் மட்டும். ஒரு மணி நேரம் தேடிவிட்டு, நான் ஒழுங்காக வேலை செய்திருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

காலண்டரை மூடப் போனபோதுதான் நினைவூட்டலைச் சரியாகப் படித்தேன். ஒரு வருடம் முன்பு, மறந்துவிடக் கூடாதே என்று, அவருடைய முழுப் பெயரையும் கணக்கு எண்ணையும் அதில் நானே எழுதி வைத்திருந்தேன். பன்னிரண்டாவது இடம். அழித்தேன். "30 நாட்களுக்குள் மீட்டுக்கொள்ளலாம்" என்றது திரை.